பதினான்காவது கோடு

மதிப்பிற்குரிய விசாரணைக் குழுவினருக்கு வணக்கம். பள்ளிக் கட்டுரைகளையும் விடுப்புக் கடிதங்களையும் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவள் நான். எழுதத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பிழைகள் இருக்கும். இதுவரை நான் எழுதியவற்றையெல்லாம் என் தங்கைதான் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறாள். அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். இப்போது அவளால் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க இயலாது. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கண் மருத்துவமனையில் பதினேழு ஆண்டுகளாகப் பரிசோதனையாளராக இருக்கிறேன். லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட விரும்புகிறவர்கள் முதலில் என் அறைக்குத்தான் வருவார்கள். அவர்கள் கண்ணில் போதிய ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொல்வேன். கண்ணீர் எந்தக் கோடு வரை ஊறியதோ அங்கே பேனாவால் ஒரு கோடு கிழித்து, பட்டையைக் கோப்பில் ஒட்டுவேன். பத்துக்கு மேல் இருந்தால் நன்று. ஐந்துக்குக் கீழே என்றால் எங்கள் மருத்துவர் லேசரைத் தொடுவதில்லை. ஏற்கெனவே வறண்ட கண்ணில் அதைச் செய்தால் வறட்சி பல மடங்காகலாம். சிலருக்கு மாறாமலே போகலாம். ஈரம் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். பேனாக் கோடுதான் நிற்கும். மருத்துவர் பார்ப்பதும் அதைத்தான்.

அப்பா அம்மா காலமான பின் வீட்டில் நாங்கள் இருவர்தாம். என்னைவிட அவள் பன்னிரண்டு வயது சிறியவள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அச்சகத்தில் அவளுக்குச் சோடாபுட்டி என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் ஒரு பெரிய பதிப்பகம் அவளை வேலைக்கு அழைத்தது. தோழியுடன் தங்குவதற்கு அறையும் பார்த்துவிட்டாள். அந்த அறையின் ஜன்னலுக்கு எத்தனை அடி திரை வேண்டும் என்றுகூட அளந்து எழுதி வைத்திருந்தாள்.

"போறதுக்கு முன்னாடி கண்ணுக்கு லேசர் பண்ணிக்கிறேன்க்கா. புது ஊர்ல ஒருத்தருக்கும் நான் சோடாபுட்டின்னு தெரியக் கூடாது."

"இங்க உனக்கு அப்படி என்ன குறைச்சல்?" என்று கேட்டேன்.

"குறைச்சல் ஒண்ணுமில்ல. நீ இருக்கியே, அதான் கூடுதல்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டு ஆட்களை நாங்களே சோதிப்பது மருத்துவமனையில் வழக்கமில்லை. ஆனால் அவள் மற்றவர்களிடம் கண்ணைக் காட்டப் பயந்தாள். "உங்க கை பஞ்சு மாதிரி, நீங்களே பாத்துருங்கம்மா" என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அவர் மனிதர்களை நம்புகிறவர்.

"பேப்பரைக் கண்ணுல சொருகிட்டு அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு இருன்னா, இது டெஸ்டா, தண்டனையா?"

"பேசினா பட்டை ஆடும். சும்மா இரு."

வலது கண் நான்கு. இடது கண் மூன்று. நான் வலதில் பதினான்காவது கோட்டிலும் இடதில் பதின்மூன்றாவது கோட்டிலும் பேனாவை வைத்தேன். ஆட்கள் நிறைந்த நாள். கூடத்தில் யாரோ தும்மிக்கொண்டிருந்தார்.

"பாஸாக்கா?"

"பாஸ்தான்."

அவள் முகம் மலர்வதைக் காணவே அப்படிச் செய்தேன் என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். தாங்களும் அவ்வாறே கருதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆயினும் இப்போது கையில் பேனாவுடன் உட்கார்ந்தால் அப்படி எழுத வரவில்லை. நான்கு என்று எழுதியிருந்தால் அவள் கண்ணாடியோடு ஊருக்குப் போயிருப்பாள். பதினான்கு என்று எழுதினால் போகமாட்டாள். பட்டையைக் கோப்பில் ஒட்டும்போதே இது எனக்குத் தெரியும்.

சிகிச்சை குறையின்றி நடந்தது. மறுநாள் படுக்கையில் இருந்தபடியே எதிர்ச்சுவர் நாட்காட்டியின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள். இரண்டு வாரம் கழித்து, "கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்டு மூடின மாதிரி இருக்குக்கா" என்றாள். பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு இன்னும் ஒரு மாதம். மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட வேண்டும். தானே விட்டுக்கொண்டால் இமை கொட்டி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். ஆகவே மருத்துவமனையில் விடுப்புச் சொல்லிவிட்டு நானே விட்டேன். தலையைச் சாய்த்து, வாயைச் சற்றே திறந்து, சிறு பிள்ளையாக இருந்தபோது எப்படியோ அப்படியே காத்திருப்பாள். அந்த மாதங்கள் எங்களுக்கு நல்லபடியாகவே கழிந்தன.

பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும் என்று மருத்துவர் தைரியம் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஐந்தாம் மாதம் மீண்டும் பட்டை வைத்தேன். இரண்டு கண்ணிலும் எட்டு வரை ஊறியிருந்தது. நான் மூன்றில் கோடு கிழித்தேன். மருத்துவர் பெருமூச்சு விட்டு, படிக்கும் வேலைக்கு இப்போதைக்குத் தகுதியில்லை என்று சான்று எழுதினார். பதிப்பகம் வேறொருவரை அமர்த்திக்கொண்டது.

கோடு சொல்வதைக் கண் பொய்யாக்கிவிடக் கூடாதல்லவா. ஆகவே அதன் பிறகு மணிக்கொரு முறை என்பதை இரண்டு மணிக்கொரு முறை ஆக்கினேன். அவள் கடிகாரம் பார்ப்பதை விட்டிருந்தாள். வெக்கையான நாட்கள். மேசை விசிறியை அவள் முகத்துக்கு நேராக வைப்பேன். "காத்து கண்ணுல அடிக்குதுக்கா" என்றால் உடனே திருப்பிவிடுவேன். மதியம் அவள் அயர்ந்ததும் மறுபடி நேராக வைப்பேன். தூக்கத்தில் அவளுக்கு இமைகள் முழுதாக மூடுவதில்லை. விசிறிக் காற்றைத் தவிர்க்கவும் என்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் ஏழாவது வரியாக இருக்கிறது. அதை எழுதியவள் நான்.

வேலை போனதும் அவள் மருத்துவர் மீது தங்களிடம் புகார் கொடுத்தாள்; விசாரணை முடியும்வரை அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சென்ற மாதம், அந்தப் புகாருக்காக அவள் தன் கோப்பைக் கேட்டு வாங்கினாள். திரையை இழுத்துவிட்ட அறையில், ஒரு நிமிடம் பார்ப்பதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடுவதுமாக ஒரு பகல் முழுவதும் அதை வைத்துக்கொண்டிருந்தாள். ஈரம் காய்ந்த பிறகும் அது நின்ற இடத்தில் தேநீர்க் கறை போல ஒரு மங்கலான விளிம்பு இருக்குமாம். பதினேழு ஆண்டில் நான் அதைக் கவனித்ததில்லை. பிழை பார்ப்பது அவள் தொழில் என்பதை மறந்துபோனேன்.

"கறை நாலுல நிக்குது. கோடு பதினாலுல இருக்கு. அடுத்த தடவை கறை எட்டுல, கோடு மூணுல. ஏன்க்கா?"

அவள் உதடு கோணியது, தோள்கள் குலுங்கின. கன்னம் காய்ந்தே இருந்தது. பிறகு கண்ணைத் திறக்க முடியாமல், வேறு யாரும் இல்லாததால், தலையை என் பக்கம் சாய்த்தாள். மருந்து விட்டேன்.

"நீயே எழுதிக் குடுத்துரு. நான் எழுதினா கண்ணு தாங்காது," என்றாள். "என்கிட்ட படிச்சுக் காட்டாத."

எனவே மருத்துவர் மீது எந்தக் குற்றமும் இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு முறை கோட்டை ஏற்றியதும் ஒரு முறை இறக்கியதும் நான். இழந்தவற்றையும் குறிப்பிடுவது முறை என எண்ணுகிறேன். என் தங்கையின் வேலை. அந்த ஊரில் ஓர் அறையும் அதன் ஜன்னலும். நாளுக்கு இருநூறு பக்கம் படித்த கண், இப்போது ஒரு பக்கம். வெயிலில் நடப்பது. அழுதால் வரும் கண்ணீர். மருத்துவரின் ஆறு மாதப் பணியும் நற்பெயரும். இன்று காலை அவளுக்கு மீண்டும் பட்டை வைத்துப் பார்த்தேன்: வலது இரண்டு, இடது ஒன்று. இம்முறை சரியாகவே குறித்திருக்கிறேன்.

பட்டியலில் அக்கா என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றும் யோசித்தேன். அது பொருந்தாது. நான் எங்கும் போய்விடவில்லையே.