வெறுங்கழுத்து

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் தன் அக்காவிடம் கேட்டார்: “நான் உயிரோட இருக்கேன்னு அவளை எப்படிக்கா நம்ப வைக்கிறது?”

“உன் பொண்டாட்டிக்கு ஏன்டா அப்படித் தோணுது?”

“மனநல வார்டுல சேர்த்தப்ப, கழுத்தை இறுக்கிக்கிடக் கூடாதுன்னு தாலியைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டாங்க. வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்துட்டு, நான் செத்துட்டேன்னு அழுதுக்கிட்டே இருக்காளாம். சாப்பிடவும் மாட்டேங்குறாளாம்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“அவரு வடக்கேயிருந்து வந்தவரு. நகைதானே, வீட்டுல பத்திரமா வைங்கன்னுட்டாரு. இன்னைக்குத்தான் அவளைப் பார்க்கவே விடுறாங்க.”

பழங்காநத்தத்தில் அவர் போன் அடித்தது. “நர்சம்மாவா? அவகிட்ட குடுங்க… நான்தான்டி. வந்துக்கிட்டே இருக்கேன்.”

பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்னடா சொல்றா?”

“நான் சாப்பிட்டேனான்னு கேக்குறாக்கா.”