எட்டாவது முடிச்சு

குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை, ஐயா. குளிருக்கு அது ஏரியின் அடியில் போய்ப் படுத்துவிடும். அடி எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால் போதும். கிளறா பிள்ளை இதை இத்தாலியனில் மொழிபெயர்த்து முடிக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

நான் சூசைதாசன், மன்னார் ஆள். இந்தப் பலேர்மோ நகரத்தில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் பதினொரு வருடமாக வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை மலைமேல் இருக்கும் ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகு வலிப்பவனும் நான்தான். ஆழம் பார்க்க என்னிடம் ஒரு கயிறு இருந்தது. நுனியில் கனமான கல், நங்கூரமும் அதுதான். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். பாகத்துக்கு ஒரு முடிச்சு. எங்கள் கடற்கரையில் அவனவன் கைக்கு அவனவன் கயிறு. ஏரியின் நடுப்பள்ளம் எட்டுப் பாகம். வக்கீல் என்னை "புரொபெசோரே" என்று, பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் தங்கை அற்புதமலரின் புருஷன் அலோசியஸ் தை மாதத்தில் ஒரு மெசின் வாங்கினான். தண்ணீரில் மிதக்கவிட்டால் போனில் ஆழம் காட்டும். அதைப் பார்த்து வக்கீல் குழந்தை மாதிரிச் சிரித்தார். வருகிற ஞாயிறு அவனே படகு வலிக்கட்டும் என்றார்.

முதல்நாள் சனி காலை நானும் அவனும் மட்டும் ஏரிக்குப் போனோம். பேசிப் பார்க்கலாம் என்றுதான்.

"மச்சான், இது பதினாறு மீற்றர் காட்டுது. உன்ர எட்டுப் பாகம் பதின்மூண்டுதான் வரும்."

"கயிறு பொய் சொல்லாது."

"ஓம், கயிறு சொல்லாது. கை கட்டையெண்டால் அது பாவம் என்ன செய்யும்? மலருக்கு உடுப்புக் காயப்போடக் குடு."

திரையில் மீன் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்லுக்குச் சற்று மேலே கயிற்றை அவன் கணுக்காலில் சுற்றி முடிந்தேன். கோபம் இல்லை, ஐயா. கல்லைப் போட்டேன், அவனையும் கொஞ்சம் தள்ளினேன். கயிறு என் கைக்குள்ளால் ஓடியது. முடிச்சுகளை எண்ணினேன். எட்டு. பிறகு விட்டுவிட்டேன்.

ஜெனோவாவுக்கு வேலைதேடிக் கப்பல் ஏறிவிட்டான் என்று மலரிடம் சொன்னேன். அவள் கால்சாப் பகுதிக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். வாராவாரம் பக்கத்தில் நானும் முழந்தாளிட்டேன். அண்ணன் என்று வேறு எதற்கு இருக்கிறேன்?

என் பிழை ஒன்றுதான். நான் கடலில் வளர்ந்தவன்; கடல் வற்றாது. இந்த ஏரி ஊர் குடிக்கும் தேக்கம் என்பது மனதில் நிற்கவில்லை. மழையில்லாத கோடையில் பலேர்மோ குழாயைத் திறந்து குடித்துக் குடித்தே அவனை மேலே கொண்டுவந்துவிட்டது. ஆவணியில் சேற்றில் கயிறும் கிடந்தது. என்னைச் சிலுவைபோலக் கைவிரிக்கச் சொல்லி முடிச்சு முடிச்சாக அளந்தீர்கள். ஒரு விரற்கடைகூட மாறவில்லை. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓம், நான்தான் கொன்றேன். எழுதுங்கள். பொறாமை என்று மட்டும் போடவேண்டாம். அவனிடம் எனக்கு என்ன பொறாமை?

ஆனால் இந்த வாக்குமூலத்தின் மூன்றாம் வரியில் ஆழம் பதினாறு மீற்றர் என்று இருக்கிறது. கிளறா பிள்ளை, அதை வெட்டச் சொல்லு. எட்டுப் பாகம். திருத்தினால்தான் கையெழுத்து வைப்பேன்.