முதல் போன்

— என் கம்ப்யூட்டர் கணக்குல இன்னொரு போன் சேர்ந்திருக்குன்னு நீங்கதானே சார் கமிட்டியில சொன்னீங்க? அது டைப்பிஸ்ட் அக்காவோடதுதான். வேற யாரோடதா இருக்கும்? என் புது போனை எல்லாம் செட் பண்ணிக் குடுத்ததே அவங்கதான். அப்பவே தன் போனையும் நைசா சேர்த்துட்டாங்க.

— மேடம், மொதல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. மானிட்டர் அட்டைப்பெட்டியை அப்படி ஓரமாத் தள்ளிடுங்க.

— உக்கார நேரமில்ல சார். சாயங்காலம் கமிட்டி கூடுது. உங்க ரிப்போர்ட் போனாத்தான் முடிவு பண்ணுவாங்க.

— அதுக்குத்தான் காலையில இருந்து உங்களைக் கூப்பிடறேன். கூப்பிடற போதெல்லாம் 'பிறகு அழைக்கிறேன்'னு ஒரு மெசேஜ் வந்து விழுது. பிறகுங்கறது எப்பன்னுதான் தெரியல.

— ஐயோ, அது நீங்களா? தெரியாத நம்பரா இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க சார். போன் அடிச்சா என் கை தானா போய்க் கட் பண்ணி அந்த மெசேஜைத் தட்டிவிட்டுடும். தூக்கத்துலகூடத் தட்டுவேன், அவ்வளவு பழகிப்போச்சு. மொழித்துறையில எல்லாரும் என்னை 'பிறகு மேடம்'னுதான் கூப்பிடறாங்க.

— எங்க கம்ப்யூட்டர் ரூம்லயும் அப்படித்தான் கூப்பிடறோம். சரி விடுங்க. சொல்றேன் கேளுங்க. உங்க கணக்குல யாரோ நுழைஞ்சு கேள்வித்தாளை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பரீட்சை ரத்தாச்சு. பாஸ்வேர்டு எப்படிப் போச்சுங்கறது நமக்குத் தெரியும்.

— போலி மெயில் வந்துச்சு, நான் ஏமாந்து அடிச்சுட்டேன். அதைத்தான் முதல் நாளே ஒத்துக்கிட்டேனே. ஆனா பாஸ்வேர்டு மட்டும் இருந்தா உள்ள வர முடியாது, போன்ல கேக்கும், 'ஆம்'னு அமுக்கினாத்தான் கதவு திறக்கும், ரெட்டைப் பூட்டுன்னு துறை துறையா வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தது யாரு? நீங்கதானே? நான் அமுக்கல சார். எந்தச் சாமி முன்னாடி வேணா சொல்றேன்.

— நீங்க அமுக்கலதான் மேடம். சாமியைத் தொந்தரவு பண்ண வேண்டாம், இங்க பதிவுலயே இருக்கு. அந்த இன்னொரு போன்ல இருந்துதான் 'ஆம்' வந்திருக்கு.

— அதான் நானும் சொல்றேன். அந்த அக்கா...

— அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு?

— போன வருஷம் லீவு முடிஞ்சு திறந்தப்போ வந்தாங்க. ஏன் சார்?

— அந்தப் போன் அதுக்கும் முந்தின வருஷமே உங்க கணக்குல சேர்ந்திருக்கு. முழு விவரம் இன்னைக்குக் காலையிலதான் என் கைக்கு வந்துச்சு. சரியாச் சொல்லணும்னா, அதுதான் மேடம் முதல் போன். உங்க கையில இருக்கறதுதான் ரெண்டாவது.

— அதுக்கு... அதுக்குப் பேர் ஏதாவது போட்டிருக்கா?

— போட்டிருக்கீங்க. திரையை உங்க பக்கம் திருப்பறேன், நீங்களே படிங்க.

— 'அம்மா போன்.'

— யாரோட அம்மான்னு நான் கேக்கத் தேவையில்லைன்னு நெனைக்கறேன்.

— ஐயோ. ஐயோ சார். அது சுத்தமா மறந்தே போச்சு. அப்ப நான் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். என் போன் துணி ஊற வெச்ச வாளியில விழுந்து செத்துப்போச்சு. நீங்க வேற, ரெட்டைப் பூட்டு போடலேன்னா கணக்கை மூடிடுவோம்னு மெயில் மேல மெயில் போட்டீங்க. கைக்குக் கிடைச்சது அம்மா போன்தான். அதுல போட்டேன்.

— போட்டீங்க. அப்புறம் இங்க திரும்பி வந்து எப்படித் திறந்தீங்க? அவங்க எங்கயோ, நீங்க எங்கயோ.

— காலையில வந்து உக்காந்ததும் அம்மாவைக் கூப்பிடுவேன். 'இப்ப வரும்மா, அமுக்கு'ன்னு சொல்லுவேன். அமுக்குவாங்க. அமுக்கிட்டு 'தொறந்துச்சா கண்ணு?'ன்னு கேப்பாங்க. தொறந்துச்சுன்னு நான் சொல்லணும், சொன்னாத்தான் திருப்தி. அதோட விட்டாலும் பரவாயில்ல. முழங்கால் வலி, மாடியில குழாய் ஒழுகறது, எதிர்வீட்டுக்காரி பேசினது, எல்லாம் அப்பத்தான் வரும். எனக்கு முதல் வகுப்புக்கு மணி அடிச்சுடும்.

— அதனால புது போன் வாங்கினீங்க.

— அதனாலன்னு இல்ல சார். சரி, அதனாலயும்தான்.

— புதுசைச் சேர்த்தீங்க, பழசை எடுக்கல.

— எடுக்கணும்னே தோணல. எல்லாம் நல்லா நடந்துச்சே! புது போன் வந்ததுல இருந்து அது என்னை எதுவுமே கேட்டதில்ல. பாஸ்வேர்டு அடிச்ச கையோட திறந்துடும். பரவாயில்லையே, போன் என்னை அடையாளம் கண்டுக்கிச்சுன்னு நெனச்சேன். டைப்பிஸ்ட் அக்காகிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

— போன் ஒண்ணும் கண்டுக்கல மேடம். கேள்வி ரெண்டு போனுக்கும் ஒரே நேரத்துல போகும். யார் முதல்ல அமுக்கறாங்களோ அவங்க பதில்தான் செல்லும். நீங்க கைப்பையைத் திறந்து போனைத் தேடறதுக்குள்ள உங்க அம்மா அமுக்கி முடிச்சுடறாங்க. இதோ வரிசையா இருக்கு பாருங்க.

— தினமுமா?

— நீங்க லீவு போட்ட நாள் தவிர. ஒரு வருஷமா அவங்க உக்காந்து உங்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்காங்க. நீங்க 'நல்ல போன், நல்ல போன்'னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க.

— கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அந்த அக்கா இப்ப எங்க சார்?

— மேல, கமிட்டி ரூம் வாசல் பெஞ்சில. வரும்போது பார்க்கலையா?

— பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு இறங்கி வந்தேன். நான் புகார் குடுத்த அன்னைக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? 'என் போனை வேணா வாங்கிப் பாருங்க மேடம்'னு நீட்டினாங்க. நான் கையைக்கூட நீட்டல. ரெண்டு நிமிஷம் வாங்கிப் பார்த்திருந்தா அவங்க போன் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். பார்க்காமலே புகார்ல கையெழுத்து போட்டேன். பாவி நான்.

— இப்ப விஷயத்துக்கு வருவோம். 'அம்மா போன்'னு நான் எழுதினா உங்க வேலைக்கு ஆபத்து. பூட்டோட சாவியை வெளியாள்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. அதுலயும் கேள்வித்தாள் இருந்த கணக்கு. சும்மா விட மாட்டாங்க.

— வேற மாதிரி... யாரோடதுன்னு தெரியலன்னு எழுத முடியாதா சார்?

— எழுதலாம். எழுதினா அந்த அக்கா பெஞ்சில இருந்து எழுந்து நேரா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேல போய் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, எழுதிடறேன்.

— இல்ல. வேண்டாம். கேட்டதை மறந்துடுங்க. இருக்கறதை இருக்கறபடி எழுதுங்க. அக்காகிட்ட முதல்ல நானே போய்ச் சொல்றேன், அப்புறம் கமிட்டியில சொல்றேன். அம்மா தெரியாமப் பண்ண தப்பு, பெத்த பொண்ணு நான் தாங்கிக்கிட்டுப் போறேன்.

— அதுல ஒரு சந்தேகம் இருக்கு மேடம். போன ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி அந்தத் திருடன் கேட்டுக்கிட்டே இருந்திருக்கான். உங்க அம்மா முதல்ல 'இல்லை'. அப்புறமும் 'இல்லை'. திரும்பவும் 'இல்லை'. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் திடீர்னு 'ஆம்'. இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தவங்க ஏன் மனசு மாறினாங்கன்னு கமிட்டியில கேப்பாங்க.

— தூக்கக் கலக்கத்துல தொல்லை தாங்காம அமுக்கியிருப்பாங்க. வயசாச்சுல்ல?

— இருக்கலாம். எதுக்கும் நீங்களே கேட்டுடுங்க. அப்படியே அந்தப் போனையும் எடுத்துடுவோம், அதுக்கும் அவங்க ஒரு தடவை அமுக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஒரே ஒரு வேண்டுகோள் சார். என்ன நடந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, 'என்னாலதான் பொண்ணு வேலை போச்சு'ன்னு சோறு தண்ணி இல்லாம உக்காந்துடுவாங்க.

— நான் வாயே திறக்கல. போடுங்க.

— கண்ணு! நீயா கூப்பிடறே? உடம்புக்கு என்னடி?

— ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். சும்மாதான் கூப்பிட்டேன்.

— சும்மாவா! இரு இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன். ம், இப்பச் சொல்லு. நாலஞ்சு நாளா காலையில அது வரவே இல்லையா, எனக்கு ஒரே கவலை. போன் பண்ணிப் பார்த்தா உன் மெசேஜ்தான் வருது. சரி, மெசேஜ் வருதே, உசிரோட இருக்கான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

— கம்ப்யூட்டர்ல ஏதோ ரிப்பேர்ம்மா, கணக்கை மூடி வெச்சிருக்காங்க. பக்கத்துல கம்ப்யூட்டர் சார் இருக்கார். உன் போன்ல ஒரு சின்ன வேலை இருக்கு.

— வணக்கம்மா.

— வணக்கம் தம்பி. நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?

— இல்லம்மா, இல்ல. அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஏம்மா, நீ இன்னமும் தினமும் அமுக்கிக்கிட்டா இருந்தே?

— பின்ன? நீ புது போன் வாங்கிட்டு, 'இனிமே உனக்குத் தொல்லை இல்லம்மா'ன்னு சொன்னியா, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. தொல்லைன்னு நான் எப்படி சொன்னேன்? மறுநாள் காலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, டிங்குனு வருது! 'உள்ளே வருவது நீங்கள்தானா?' அட, எம்பொண்ணு எனக்காக விட்டு வெச்சிருக்கான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுல இருந்து காலையில போனைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் டீயே குடிக்கறது. உன்னைக் காக்க வெக்கக் கூடாது பாரு.

— எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— எங்கடி சொல்றது? நீ போனை எடுத்தாத்தானே? விடு, எனக்கு அதுவே போதும். அது வந்தா பொண்ணு எழுந்துட்டா, குளிச்சுட்டா, வேலையில போய் உக்காந்துட்டா. வரலேன்னா காய்ச்சலோ என்னவோன்னு அன்னைக்குப் பூரா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிவேன். நீ பேசலேன்னா என்ன, அது பேசுதுல்ல? கண்ணு... இருக்கியா?

— இருக்கேம்மா.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஜலதோஷமா?

— ஆமாம்மா. லேசா. சார், நீங்க சொல்லுங்க சார்.

— அம்மா, இப்ப உங்க போன்ல ஒண்ணு வரும். 'இந்தப் போனை நீக்கலாமா?'ன்னு கேக்கும். 'ஆம்'னு அமுக்கிடுங்க.

— வந்துடுச்சு தம்பி. நீக்கறதுன்னா? இதை அமுக்கினா அப்புறம் காலையில வருமா?

— வராதும்மா.

— வராதா?

— அதுக்குப் பதிலா நான் கூப்பிடறேம்மா. தினமும் காலையில நானே கூப்பிடறேன். சத்தியமா.

— அதெல்லாம் வேண்டாம், உன் வேலையைக் கெடுத்துக்காதே. முடிஞ்சா கூப்பிடு. இந்தா, அமுக்கிட்டேன். தொறந்துச்சா கண்ணு?

— தொறந்துச்சும்மா.

— அப்பாடா.

— அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன ஞாயித்துக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி நிறைய தடவை வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

— இல்லாமயா? டிங் டிங்னு உசிரை எடுத்துடுச்சு. எனக்கு ஒரே சிரிப்பு. எம்பொண்ணாவது, ஞாயித்துக்கிழமை இந்நேரத்துக்கு எழுந்திருக்கறதாவது! இது நீ இல்லவே இல்லைன்னு இல்லை, இல்லை, இல்லைன்னு அமுக்கிக்கிட்டே இருந்தேன்.

— நீ சரியாத்தாம்மா பண்ணியிருக்கே. அப்புறம் எதுக்கு 'ஆம்'னு அமுக்கினே?

— ஒருவேளை நீதானோன்னு லேசா ஒரு சந்தேகம். எதுக்கும் கேட்டுடுவோம்னு உனக்குப் போன் போட்டேன். நீ கட் பண்ணிட்டு 'பிறகு அழைக்கிறேன்'னு அனுப்பினியா, சரி, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா, இவதான் கேக்கறான்னு உடனே அமுக்கிட்டேன்.