படிக்கட்டில் நிற்கும் பெண்

டைப்ரைட்டிங் வகுப்பில் முதல் நாள் எழுத்தைத் தொட விடமாட்டார்கள். எப்படி உட்கார வேண்டும் என்பதைத்தான் சொல்லித் தருவார்கள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டு மெஷின் மேல் படக்கூடாது. கண் தாளில் இருக்க வேண்டும், விரலில் இருக்கக் கூடாது. தென்காசி ரத வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை அந்த வகுப்பு. இதையும் அப்படி உட்கார்ந்துதான் அடிக்கிறேன். ஒரு மூலம், இரண்டு கார்பன் பிரதிகள். பிழை இருந்தால் இன்ஸ்பெக்டர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் இன்னும் லோயர் பரீட்சை எழுதவில்லை.

என் பெயர் குத்தாலிங்கம். வயது இருபத்து மூன்று. பகலில் ஒரு வக்கீல் ஐயாவிடம் நகல் எழுதுகிறேன். என் மீது எந்தப் புகாரும் இல்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை. நானாகத்தான் வருகிறேன்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் ஞாபகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், நான் பார்த்தது அதுதானா, பக்கத்தில் இருந்தவர்கள் பேசியதைச் சேர்த்துக்கொண்டேனா என்று குழம்பிவிடுவேன். அதனால் நான்கு பத்தி கோடு போட்டு எழுதுவேன். தேதி, காட்சி எண், கண்டது, எத்தனை விநாடி. கீழே எழுதியிருக்கும் தேதிகள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. நோட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இலஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கும் டூரிங் கொட்டகையில் அருமைநாயகம் அண்ணாச்சி ஆபரேட்டர். செங்கோட்டை ரயில் நிலையத்தில் யாரும் கேட்டு வராத பார்சல்களை ஏலம் விட்டபோது ஒரு தகரப் பெட்டி அவருக்கு வந்தது. உள்ளே இரண்டு பிலிம் சுருள்கள். மேலே பெயர் இல்லை. எந்த நாட்டில், யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. மலை மேல் எஸ்டேட் வைத்திருந்த எந்த வெள்ளைக்காரனோ விட்டுப் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், நம்பிக்கையான ஏழு பேருக்கு மட்டும், கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறக்கிவிட்டு அதைப் போட்டார். 1962 ஜூன் 3, முதல் தடவை.

"தலைப்பு கெடையாது, பாட்டு கெடையாது, சண்டை கெடையாது. பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போயிருங்க. வெளிய போயி வாயத் தொறந்தீங்கன்னா நானும் உள்ள போவேன், நீங்களும் கூட வருவீங்க" என்றார் அண்ணாச்சி.

இருபத்திரண்டு நிமிடம். சத்தமே இல்லை. மெஷின் ஓடும் ஒலி மட்டும்.

ஒரு பெண் தலை சீவுகிறாள். சீப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அது பெருகி ஒரு படிக்கட்டில் இறங்கி ஓடுகிறது. அடுத்து ஒரு பெரிய அறை. தரை முழுக்க மீன்கள் துடிக்கின்றன. அவளும் ஓர் ஆணும் அந்த மீன்களின் நடுவே படுத்துக்கொள்கிறார்கள். அவள் அவன் கழுத்தில் வெகுநேரம் முத்தமிடுகிறாள். முகத்தை எடுக்கும்போது அவளுக்கு வாய் இல்லை, அந்த இடம் வழவழவென்று தோலாக இருக்கிறது. வாய் அவன் கழுத்தில் இருக்கிறது. அது ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது. கடைசியில் அவள் நம்மைப் பார்க்கிறாள். பதினொரு விநாடி. பிறகு வெள்ளைத் திரை.

ஐயா இதைப் படித்துவிட்டு, அசிங்கம் என்று ஒதுக்கலாம். முதல் நாள் எங்களில் ஒருவரும் அப்படித்தான், "கிறுக்குப் பய எடுத்த படம்" என்று எழுந்து போனார். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முந்தி வந்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். மற்றப் படங்களில் எங்கே அழவேண்டும், எங்கே சிரிக்கவேண்டும் என்று வாத்தியமே சொல்லிவிடும். இது எதையும் சொல்லவில்லை. பயமும் ஆசையும் ஒரே மூச்சில் வந்தன. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. முடிந்ததும் மீதி ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம். குற்றாலத்தில் அன்று நல்ல சாரல். இருவர் நேராக அருவிக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து நான்கு பத்தியையும் நிரப்பினேன். அந்தப் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று அன்று நம்பினேன்.

சிவசைலம் என்னோடு டைப் படித்தவன். இலஞ்சிக்காரன், அவனுடைய அத்தானின் தேங்காய்க் கிடங்கில் வேலை. இரண்டு விரலால் அடிப்பான், மெஷினைப் பார்த்துத்தான் அடிப்பான். கொட்டகைக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான். இதை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். நான் இல்லாவிட்டால் அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டான்.

மறுநாள் டீக்கடையில் அவனிடம், "மீன் எத்தனைன்னு எண்ணினேன். பதினாலு" என்றேன்.

"மீனா எண்ணுன? ஏலே, அம்புட்டு அழகா ஒருத்தி படுத்துக் கெடக்கா, இவன் மீன எண்ணிக்கிட்டு இருந்திருக்காம்ல" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மீனெல்லாம் அவ சொல்ல வந்து சொல்லாம விட்டது மாப்ளே. அதாம் வாயத் தொறந்து தொறந்து மூடுது" என்றான்.

அன்று இரவு நோட்டில் அந்தக் காட்சிக்கு எதிரே அதை எழுதினேன். என் கருத்துப் போலவே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஐயா பார்க்கலாம், அடித்த இடத்தில் தாள் கிழிந்திருக்கும்.

ஜூலை 1, ஐந்தாவது தடவை. படம் முடிந்ததும் சிவசைலம் அண்ணாச்சியிடம் போய், "அந்தப் படிக்கட்டுல மேல நிக்காள, அவ யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான்.

படிக்கட்டில் யாரும் இல்லை. நாற்பது விநாடி தண்ணீர் மட்டும் ஓடும். நான் அதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"தண்ணியத்தான பாத்த. கொஞ்சம் மேல பாரு. வலது பக்கம், இருட்டுல. சும்மா நிக்கா."

அண்ணாச்சி என்னை ஒரு முறை பார்த்தார். அவனை ஒரு முறை பார்த்தார். "நிக்கத்தான் செய்தா" என்றார்.

அடுத்த மூன்று வாரமும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. வலது பக்கம், இருட்டு. நாற்பது விநாடி இமைக்காமல் இருப்பது கடினம், வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பழகினேன். எட்டாவது தடவை கண்ணில் நீர் கொட்டியது. யாரும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு நாள் தோன்றும். என் கண்ணில் ஏதோ குறை என்று மறுநாள் தோன்றும். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி இப்போது அவனை மெஷின் அறைக்குள் கூப்பிட்டுச் சுருளை மாட்டச் சொல்வார். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்கும். கடைசியில் அவள் நம்மைப் பார்க்கும் பதினொரு விநாடி இருக்கிறதே, அது ஜூலை 22 அன்று எனக்கு முதல் தடவையாகச் சரியாகப் புரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சிவசைலத்தைப் பார்த்தாள்.

அந்த வாரம் சிவசைலத்துக்குக் கண்வலி வந்தது. சீசனில் இது புதிது இல்லை. அருவியில் கூட்டம் இடிக்கும், எண்ணெயும் அழுக்கும் கண்ணில் இறங்கும், ஊரில் பாதிப்பேர் சிவந்த கண்ணோடு திரிவார்கள். நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சொட்டுவிட்டால் ஒரு வாரத்தில் போய்விடும். அவன் அக்காள் ஆவுடைத்தாய்க்குக் கை நடுங்கும். அவன் வேறு சின்னப் பிள்ளை போலக் கண்ணை இறுக்கிக்கொள்வான். நான் ஜூலை 25ஆம் தேதியிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, சரியாக ஆறு மணிக்கு, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டேன்.

"தம்பி விட்டாத்தான் அடங்கி இருக்கான். எங்க கிட்டன்னா மல்லுக்கு நிக்கான்" என்று ஆவுடைத்தாய் அக்காள் எனக்குக் காப்பி கொடுத்தாள்.

முதல் மூன்று நாள் வெறும் பூத்தண்ணீர்தான். இதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண் தெளியத் தொடங்கியது. மூன்றாம் நாள் அவன் சொன்னான், "ஞாயித்துக்கெழம கொட்டகைக்கு வந்துருவேன் மாப்ளே. கண்ண மூடிக் கெடந்தாலும் அவதாம் நிக்கா."

நான்காம் நாள் வேலியோரத்துக் கள்ளியின் பாலை அதில் சேர்த்தேன். முதலில் மிகக் குறைவாக. அளவு நோட்டில் இருக்கிறது. அவன் துடித்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான். அக்காள் ஓடி வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, காந்தாத மருந்து கேட்காது என்பார்கள். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அக்காளே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "காந்தினாத்தாம்ல வேல செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்கோ, தம்பி நல்லதுக்குத்தான் விடுதாங்க" என்றாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டது எனக்கு உதவியாக இருந்தது. மறுநாள் முதல் அவன் கையையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2 வரை விட்டேன். ஆறு மாலைகள். ஒரு நாளும் ஆறு மணி தவறவில்லை.

அவனைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். கருவிழி இரண்டும் வெந்து வெளுத்துவிட்டன, இனி எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அக்காள் அழுதுகொண்டே, "நீங்க இவ்வளவு பாத்தும் இப்படி ஆயிட்டே தம்பி" என்று என்னைத்தான் தேற்றினாள். பாவூர்ச்சத்திரத்தில் பஸ் நின்றதும் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மாதம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கினேன் என்று நோட்டு சொல்கிறது. அண்ணாச்சியிடம் சுருளைக் கேட்டு வாங்கினேன். படிக்கட்டு வரும் பகுதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வக்கீல் ஐயாவின் பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். தொள்ளாயிரத்து அறுபது கட்டங்கள், நான்கு நாள். வலது பக்கம் இருட்டு மட்டும். யாரும் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில்கூட இல்லை.

சுருளைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மொதல்ல எனக்கும் தெரியலடே. அவன் சொன்னான் பாத்தியா, அவ்வளவு ஆசையாச் சொன்னான். பொறவு பாத்தா நிக்கா. அத பிலிம்ல போயித் தேடுனா கெடைக்குமாலே?"

அப்படியானால் அவன் கண்ணில் இருந்தது என்ன, நான் எடுத்தது என்ன என்று நோட்டில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். எதிரே பத்தி காலியாக இருக்கிறது.

செப்டம்பர் 2, ஞாயிறு. ஆவுடைத்தாய் அக்காள் அவனைக் கையைப் பிடித்துக் கொட்டகை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். நான் அவனை உள்ளே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நோட்டைத் திறந்து, படம் ஓட ஓட ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். தலை சீவுகிறாள், பன்னிரண்டு விநாடி. இனிமேல் அந்தப் படம் அவனுக்கு என் வாய் வழியாகத்தான் கிடைக்கும் என்று நினைத்தபோது என் குரல் கொஞ்சம் நடுங்கியது. அது சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் என் கையைத் தொட்டு, "சும்மா இரு மாப்ளே" என்றான்.

படிக்கட்டு வரும் நேரம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மெஷினின் ஒலியை வைத்துச் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வலது பக்கமாகத் திருப்பி, "ஏ, எறங்கிட்டாடே. கீழ வாரா" என்றான்.

பின்பெஞ்சில் ஒருவர், "ஆமாலே" என்றார். இன்னொருவர் மூச்சை இழுத்துக்கொண்டார். மெஷின் அறையின் ஓட்டை வழியாக அண்ணாச்சியின் முகம் தெரிந்தது, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் கண் தெரியாத ஒருவன் முகம் திரும்பிய பக்கம் திரும்பி, அவள் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அதன் பிறகு எட்டு ஞாயிறு ஆகிவிட்டது. எல்லா வாரமும் அவன் வருகிறான். அவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று அவன்தான் சொல்கிறான். போன வாரம் அவள் மீன்கள் இருக்கும் அறைக்கு வந்துவிட்டதாகச் சொன்னான்.

ஆகவே இன்ஸ்பெக்டர் ஐயா, இலஞ்சி சிவசைலத்தின் இரண்டு கண்ணையும், மருந்து என்று சொல்லி, தெரிந்தே, ஆறு மாலைகளில் கெடுத்தவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. அவன் அக்காளுக்கு எதுவும் தெரியாது. நான் பொறாமையில் செய்ததாக எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிதானமாக யோசித்துப் பார்த்தேன், என்னிடம் அப்படி ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் படம் மனிதர்களைக் கெடுக்கிறது. அதைக் கைப்பற்றி, அரக்கு முத்திரை வைத்து, கோர்ட்டு அறையில் பூட்டி வைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

சாட்சிப் பொருள் என்பதால் அதை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். காட்சிகளின் வரிசை எனக்குத் தெரியும், கைவிலங்கோடு வந்து பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன். அப்போது சிவசைலத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள்.