மாவை விட்டோம், மாப்பொருளை விடவில்லை

இந்த அவையின் தலைமை இருக்கையை அணிசெய்யும் ஓய்வுநிலைப் பாடசாலை அதிபர், என் எழுத்துப் பிழைகளை இன்றைக்கும் சலிக்காமல் திருத்தித் தரும் சோமசேகரம் ஐயா அவர்களே. முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே. வலிகாமத்துச் செம்மண்ணிலும் தென்மராட்சி மணலிலும் விளைந்ததை விடியுமுன் வண்டியேற்றி அனுப்பும் கமக்காரப் பெருமக்களே. வடகரையிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்திறங்கும் கடற்றொழில் சகோதரர்களே. எல்லோருடைய பசியையும் தங்கள் பசிக்கு முன்னால் நிறுத்தும் தாய்மார்களே. மண்டபத்துக்குள் இடமில்லாமல் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று கேட்கும் நண்பர்களே. கொடிகாமம் சந்தை வியாபாரிகளின் இந்த ஆண்டு விழாவிலே உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

உணவும் உடல்நலமும் என்று ஒரு தலைப்பை என் கையில் தந்திருக்கிறார்கள். நான் என்ன வைத்தியனா? இல்லை. வாத்தியாரா? அதுவும் இல்லை. ஒரு பழைய சைக்கிளும் இரண்டு சாக்குக் கத்தரிக்காயுமாகத் தொழில் தொடங்கிய மரக்கறி வியாபாரி. பிறகு ஏன் என்னை ஏற்றினார்கள்? காரணம் உண்டு. சாப்பாட்டு விசயத்தில் இந்தச் சந்தையிலேயே மிகப் பெரிய பிழையை விட்டவன் நான். அந்தப் பிழையால் ஒரு மனிதர் தன் கால் பெருவிரலை இழக்கப் பார்த்தார். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன். சொல்வதற்கு அவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன்.

அவர் யார்? வாழைக்குலைச் சந்தையில் ஏலம் கூறும் எங்கள் தம்பிஐயா அண்ணை. அவருடைய குரலை அறியாத குலை உண்டா? அந்தக் குரலுக்குத் தலையாட்டாத வியாபாரி உண்டா? விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை நின்ற காலிலே நிற்கிற மனிதர். கால்தான் அவருக்குக் கடை, கால்தான் அவருக்குக் காணி.

போன வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்தார்கள். கூடவே ஒரு காகிதத் துண்டும் கொடுத்தார்கள். துண்டிலே முதல் வரி: மாப்பொருளைக் குறையுங்கள். அண்ணை அந்தத் துண்டோடு நேரே என் கடைக்கு வந்தார்.

"தம்பி, மாப்பொருள் எண்டால் என்ன?"

அன்பானவர்களே, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கும் அது தெரியாது. ஆனால் வியாபாரியின் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் இலேசில் வருமா? கேட்ட சாமான் கடையில் இல்லாவிட்டால், இருக்கிற சாமானைத்தானே எடுத்து நீட்டுவோம்? நானும் நீட்டினேன்.

"உதென்ன பெரிய விசயமே அண்ணை? மாவாலை செய்யிற பொருள்தான் மாப்பொருள். புட்டு, இடியப்பம், பாண், தோசை, றொட்டி. உதுகளை விட்டிட்டு வடிவாச் சோத்தைச் சாப்பிடுங்கோ."

"கிழங்கு?"

"கிழங்கு மரக்கறி அண்ணை. என்ரை கடையிலை அது மரக்கறிப் பக்கத்திலைதானே கிடக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அதே எண்ணத்தோடு இருக்கிறீர்கள்? கை உயர்த்த வேண்டாம். பக்கத்தில் மனைவி இருப்பார்.

அண்ணை சொன்ன சொல் தவறாதவர். அன்று முதல் புட்டை விட்டார். இடியப்பத்தை விட்டார். பாணைக் கண்டால் பாதையை மாற்றினார். காலையில் பழஞ்சோறு, மத்தியானம் குவியலாகச் சோறு, இரவிலும் சோறு. ஒவ்வொரு நேரமும் உருளைக்கிழங்குக் கறி. அந்தக் கிழங்கு எந்தக் கடையிலிருந்து போனது? இந்த வாயன் கடையிலிருந்துதான். நல்ல கிழங்காகப் பொறுக்கி, அக்கறையோடு, அன்போடு அனுப்பினேன்.

இரண்டு மாதம் போனது. செருப்புக்குள் ஒரு சின்னக் கல் போய் இருந்திருக்கிறது. சீனியால் கால் மரத்துப் போயிருந்த அண்ணைக்கு அது தெரியவே இல்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். கட்டுப் போட்டார்கள், காயவில்லை. மருந்து மாற்றினார்கள், மாறவில்லை. சாப்பிடுமுன் பார்த்த சீனி இருநூற்று எண்பது. பெரிய வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னும் ஆறு கிழமை, ஒண்டரை மாதம், பார்ப்பம். சீனி இறங்காமல் புண் உள்ளுக்கு இறங்கினால் விரலை எடுக்கத்தான் வேணும். விரலோடை நிக்குமோ எண்டதையும் இப்ப சொல்லேலாது."

அந்தச் சேதியை அண்ணையின் மனைவி மீனாம்பிகை அக்கா என் கடை வாசலில் வந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "நீ சொன்ன மாதிரித்தானே தம்பி எல்லாம் செய்தனாங்கள்?" குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். ஒரு ஏச்சும் அப்படிச் சுட்டதில்லை.

அடுத்த கிளினிக் நாளில் என் வான் வண்டியை நானே எடுத்தேன். இருவரையும் ஏற்றினேன். அங்கே கோபிகா என்று ஒரு தாதி. வயது முப்பது இருக்கும், வார்த்தை ஒவ்வொன்றும் நிறுத்த நிறை. அண்ணையிடம் அவர் கேட்டார்: "மாப்பொருளைக் குறைச்சனீங்களோ ஐயா?"

"குறைக்கிறதோ? அடியோடை விட்டிட்டன் பிள்ளை. மாவைக் கையாலையும் தொடுறதில்லை."

"அப்ப என்ன சாப்பிடுறியள்?"

"சோறு."

கோபிகா பேனையைக் கீழே வைத்தார். நான் குறுக்கே விழுந்தேன். "ஏன் பிள்ளை, சோறும் மாவோ?"

"அரிசியை இடிச்சால் என்ன வரும் ஐயா?"

"மா."

"உரலிலை இடிச்சால் மா, பல்லாலை இடிச்சால் மா இல்லையோ?"

இருபத்தேழு வருடம் வியாபாரம் செய்தவன், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்தேன்.

பிறகு அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தினார். சோறு, புட்டு, பாண், உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றுக்குள் போனால் எல்லாம் கரைந்து சீனியாகித்தான் இரத்தத்தில் சேரும். உழைக்கிற உடம்புக்கு அது வேண்டும், அளவோடு வேண்டும். மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி தருவது புரதம். தேய்ந்ததைக் கட்டுவதும், புண்ணை ஆற்றுவதும் அதன் வேலை. கீரையும் காய்களும் தருவது நார்ச்சத்து, விற்றமின், கனியுப்பு. ஏறுகிற சீனியை மெல்ல ஏற விடுவதும் அந்த நார்தான். கொழுப்பும் வேண்டும், ஆனால் தேங்காயின் முதற்பாலிலே நீந்த வேண்டாம் என்றார். தட்டை வரைந்து காட்டினார்: அரைவாசி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி புரதம்.

அண்ணை தலையைச் சொறிந்தார். "அரை, கால் எண்டு சாப்பாட்டுக் கோப்பையிலை கோடு கீறேலாது பிள்ளை."

அப்போதுதான் இந்த மண்டைக்குள் ஒரு வெளிச்சம். நாங்கள் சந்தை ஆட்கள். எங்களுக்குத் தராசு இல்லாவிட்டாலும் கூறு தெரியும். மீனைக் கூறு போடுகிறோம், மிளகாயைக் கூறு போடுகிறோம், மாங்காயைக் கூறு போடுகிறோம். சாக்கை விரித்து, கண் அளவிலே, கை அளவிலே சமமாகக் குவிக்கத் தெரிந்த எங்களுக்குத் தட்டிலே குவிக்கத் தெரியாதா?

"அண்ணை, கோப்பையை விரிச்ச சாக்கெண்டு நினையுங்கோ. நாலு கூறு. இரண்டு கூறு மரக்கறி, ஒரு கூறு சோறு, ஒரு கூறு மீன் இல்லாட்டில் பருப்பு."

"அப்ப கிழங்கு?"

"கிழங்கு சோத்துக் கூறிலை. கிழங்கு வைச்சால் அவ்வளவு சோத்தை எடுங்கோ."

"உன்ரை கடைக்குத்தானே நட்டம், போ."

மீனாம்பிகை அக்கா எழும்பிச் சொன்னார்: "இவ்வளவு நாளும் நான் சோத்துக்குக் கறி வைச்சனான். இண்டையிலை இருந்து கறிக்குச் சோறு வைக்கிறன்."

சோற்றுக்குக் கறி அல்ல, கறிக்குச் சோறு. தாய்மார்களே, இந்த விழாவில் நீங்கள் வேறு எதையும் கொண்டுபோக வேண்டாம். இந்த ஒரு சொல்லைக் கொண்டுபோங்கள்.

என்ன? பின்வரிசையிலிருந்து மீன் விற்கும் கிறகோரி அண்ணை கேட்கிறார், வெள்ளிக்கிழமை மீன் கூறுக்கு என்ன செய்வது என்று. அவருக்குத் தன் வியாபாரக் கவலை. சைவ நாளில் அந்தக் கூறிலே கடலை இருக்கட்டும், பயறு இருக்கட்டும், உழுந்து இருக்கட்டும். சனிக்கிழமையும் பலருக்கு விரதம்தான் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வருவோம். சூடையும் நெத்தலியும் கொண்டு வாருங்கள், விலை பார்த்துச் சொல்லுங்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பிலே முருங்கையிலை வெந்தது, வல்லாரை அரைபட்டது, பயிற்றங்காய் வதங்கியது, வாழைப்பொத்தி வறைக்கு அரிபட்டது. தவிடு போக்காத சிவப்பரிசி, அதுவும் ஒரே ஒரு கூறு. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. முதற்கிழமை அண்ணை என்னை ஏசிய ஏச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது. ஆனால் மருந்தை ஒரு வேளையும் விடவில்லை. கட்டுப் போடுவதை ஒரு நாளும் விடவில்லை. இரண்டாம் கிழமை இருநூற்று இருபது. நான்காம் கிழமை நூற்று எழுபது. ஆறாம் கிழமை?

ஆறாம் கிழமை வைத்தியர் கட்டை அவிழ்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீனாம்பிகை அக்கா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். வைத்தியர் குனிந்து பார்த்தார், அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்தார். "ஆர் சமைக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான் டொக்டர்."

"அப்ப விரல் தப்பினது உங்களாலையும்தான். புண் கீழையிருந்து மூடுது. வெட்டத் தேவையில்லை."

சபையோரே, எந்தப் பெரிய கப்பலில் வந்த சாமானால் அந்த விரல் மீண்டது? எந்தத் தங்கத் தகட்டில் சுற்றிய சத்துமாவால் மீண்டது? வைத்தியசாலை மருந்தோடு, எங்கள் வேலியிலே வளர்கிற முருங்கை, எங்கள் கிணற்றடியிலே படர்கிற வல்லாரை, எங்கள் கடலிலே துள்ளுகிற சூடை, எங்கள் தோட்டத்திலே தொங்குகிற பயிற்றங்காய் எல்லாம் சேர்ந்து மீட்டன. வென்றது எங்கள் மண். வென்றது எங்கள் கடல். வென்றது எங்கள் சந்தை. எல்லாவற்றுக்கும் மேலாக வென்றது, விளங்காததை வாய்விட்டுக் கேட்ட மீனாம்பிகை அக்காவின் அந்த ஒரு கேள்வி.

ஆகவே விளங்காவிட்டால் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்; தெரிந்தவரைக் கேளுங்கள். துண்டிலே எழுதிய சொல் விளங்காமல் அந்தத் துண்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். நானும் இப்போது ஒரு சொல்லைப் பழகிவிட்டேன்: தெரியாது. இந்த வயதில் பழகினாலும் வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைவர் ஐயாவுக்கும், அரங்கின் பின்னால் அடுப்படியில் நின்றபடியே கேட்ட சமையற்காரருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பின் மண்டபத்தில் பந்தி போட்டாயிற்று. இலைக்கு நாலு கூறு. கீரை வாளியோடு வரிசை வரிசையாக நடந்து பரிமாறப் போகிறவர் தம்பிஐயா அண்ணை, பத்துக் கால்விரலோடும். போதும் என்று அவருக்குக் கை காட்டாதீர்கள், இரண்டாம் தரமும் வருவார். எல்லோரும் நலமாயிருங்கள், வணக்கம்.