போத்திலுக்குப் போர்த்திய கம்பளி

லா ஷப்பல் மெத்ரோ மேடைக்கு மேலே வானம் கழுவாத சட்டியின் நிறத்தில் கிடந்தது. கீழே ரயிலுக்குக் காத்து ஒரே அறைக்காரர் இரண்டு பேர், உணவகத்தில் கோப்பை கழுவி ஊறிய கைகளோடு.

"உங்கடை தம்பிக்கெண்டு வாங்கின கம்பளியைப் பியர் போத்திலுக்கோ போர்த்தியிருக்கிறியள், அண்ணை?" என்றான் இளையவன்.

"வீட்டிலை பியர் காய்ச்சிற பெட்டியோடை வந்த தாளிலை அப்பிடித்தான் கிடக்கு. போத்திலிலை அடைச்சாப் பிறகு சூட்டிலை வைச்சால்தான் நுரை கட்டும். ஊரிலை இருந்து அவன் வந்திறங்கிற அண்டைக்கு உடைக்கவேணும்."

"வாற வழியிலை பெர்லினிலை இருந்து போனிலை கதைச்சவனெல்லோ?"

"அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை."

"நுரை கட்டியிருக்கும். இண்டைக்கு ஒண்டை உடைச்சுப் பாப்பமே?"

"தொட்டியெண்டால் கையை முறிப்பன்."

ரயில் வந்தது. ஏறும்போது மூத்தவர் கேட்டார்:

"பியர் குளிரிலை வைச்சால் கனநாள் பழுதாகாமல் கிடக்குமோ?"

"ஓம் அண்ணை. மாசக்கணக்காய்க் கிடக்கும்."

"அப்ப யன்னலுக்கு வெளியிலை எடுத்து வை. கம்பளியை மடிச்சு வை."