வேலைக்காரன் பேசாத இடம்

சேரன்மகாதேவி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் புதிதாக மொட்டையடித்திருந்தார்கள். தம்பி திடீரென்று சொன்னார்:

“அப்பா பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துன இங்கிலீஷ் நாடகத்துல, வேலைக்காரன் பேசுத பேச்ச வெள்ளைக்காரன் வெட்டிட்டாண்ணே.”

“எந்த வேலைக்காரன்?”

“ராஜா சவுக்கால அடிப்பாம்லா, அவன்தான். முழு நாடகத்துல அவன் எந்திரிச்சு நின்னு, ‘இது எங்க மண்ணு, நீ யாரு?’ன்னு கேக்கான். நம்ம நாட்டுப் பிள்ளைகளுக்குன்னு அச்சடிச்ச புத்தகத்துல அடி வாங்கிட்டுப் பேசாம போயிருதான். படிச்சா நாமளும் கேட்டுருவோம்னு பயந்திருக்கான்.”

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

“வகுப்புல அந்த இடம் வந்தா அப்பா நிறுத்திருவாரு. ‘இவன் ஏதோ சொல்லியிருப்பாம்லே’ம்பாரு. நாங்க எல்லாம் சிரிப்போம்.”

“கடைசி நாளும் படுக்கையில மனப்பாடமா சொல்லிட்டே வந்து, அங்கனதான் நிறுத்துனாரு.”

“மறந்துட்டாருன்னுல்லா நெனச்சேன். ஒனக்கு இது எப்பம் தெரியும்?”

“முழுப் புத்தகம் அன்னைக்கு என் பையிலதான் இருந்துச்சு. ஆயுசு பூரா வெட்டுன பாடத்தையா நடத்துனோம்னு நொந்துருவாரேன்னு வாசிச்சுக் காட்டல.”

கண்டக்டர் அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பேரைச் சொன்னார். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“சொல்லியிருக்கலாம்லே,” என்றார். “ஒம் மூஞ்சியவே பாத்துட்டுல்லா கெடந்தாரு.”